ஊடுருவும் கீறல் – நான்கு

அன்புக்கரசி அந்த பேட்ஜை முதலில் தலையணைக்கடியில் ஒளித்தாள். அம்மா தலையணையை உதறுவாள் என்று தோன்றியதும் அரிசி டின்னுக்குள் போட்டாள். அரிசி தினமும் எடுக்கிற சாமான் என்று உறைத்ததும், அதை வெளியே எடுத்துப் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் புத்தகத்துக்குள் வைத்தாள். அந்த வீட்டில் யாரும் திறக்காத இடம் அது ஒன்றுதான். அவளும் திறந்ததில்லை.

பேட்ஜில் 'குடிமக்கள் குரல் தூதர்' என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது. வடகடல் நகர்ப் புத்துருவாக்க ஆணையம் அதை அவள் சட்டையில் குத்திவிட்டு இருபது நாள்தான் ஆகிறது. அதற்குள் அது திருட்டு நகை மாதிரி ஆகிவிட்டது.

விம்கோ நகரில், எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கிற ஜி பிளாக்கில் நாற்பத்தெட்டு வீடுகள். கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் அலமாரியில் பாத்திரங்கள் ஒன்றையொன்று நலம் விசாரிக்கும். அதைத் தவிரக் கட்டடம் கம்பீரமாகத்தான் நின்றது. முதலில் ஒருவன் வந்து கதவுகளில் சிவப்பு பெயின்டில் எண் போட்டான். எதுக்கு என்று கேட்டால் "சும்மா" என்றான். சும்மா என்று சொல்லிக்கொண்டு வந்த எவரும் அந்தப் பக்கத்தை விட்டுச் சும்மா போனதில்லை என்பதால் எல்லோருக்கும் அன்றே சந்தேகம் வந்தது. அடுத்து ஒரு பெரிய ஃபிளெக்ஸ் வந்தது. அதில் ஜி பிளாக் இருந்த இடத்தில் முப்பத்திரண்டு மாடிக் கோபுரம், நீலக் கண்ணாடி, புல்தரை.

அன்புக்கரசியின் அம்மா குப்பம்மா, மணலியில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். வேலை முடிந்து வந்தவள் அந்தப் படத்தைப் பத்து நிமிஷம் பார்த்தாள்.

"இன்னாடி இது, அல்லாரும் நாய இட்டுகினு போறாங்க. நம்ம மூஞ்சி மாரி ஒரு மூஞ்சிகூட காணோமே?"

"படந்தானம்மா."

"படத்துலயே நம்மள வெக்காதவன் வூட்ல வெப்பானா?"

மூன்றாவதாகக் கணக்கெடுப்பு வந்தது. இணை இயக்குநர் கோதண்டம் நேரில் வந்தார், கூடவே போட்டோகிராபரும் வந்தார். கோதண்டத்தின் கையில் ஒரு டேப்லெட். அதற்குள் 'வாய்மொழி' என்றொரு செயலி. அதன் குரல் ரேடியோவில் செய்தி வாசிக்கிற அம்மாள் குரல் மாதிரி இனிமையாக இருந்தது.

"எழுதத் தெரியவில்லையே என்று இனி எவரும் வருந்த வேண்டாம். பேசினால் போதும்," என்றார் கோதண்டம். "மக்களின் மொழி எங்களுக்குப் புரியும். எங்களுக்குப் புரியாவிட்டாலும் இயந்திரத்துக்குப் புரியும்."

காலை பதினொரு மணிக்கு ஜி பிளாக்கில் வெளியே வந்து பேச ஆள் இல்லை. நடமாடுகிறவர்கள் எல்லோரும் கன்டெய்னர் யார்டிலும் கம்பெனியிலும் மார்க்கெட்டிலும் இருந்தார்கள். பரீட்சை விடுமுறையில் வீட்டிலிருந்த அன்புக்கரசிக்கு நாற்பத்தெட்டு வீட்டின் கதையும் தெரியும். ஆகவே அவளைத் தூதர் ஆக்கினார்கள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"எங்க வூட்ல நாலு பேரு கீறோம் சார்."

"நன்றி. பதிவு செய்யப்பட்டது," என்றது வாய்மொழி.

"மேல் வூட்ல அஞ்சு பேரு கீறாங்க. பக்கத்து வூட்ல செங்குட்டுவன் மாமா, கால் ஒட்ஞ்சி பட்த்துகினே கீறாரு. அவுங்க வூட்ல மொத்தம் மூணு பேரு. முப்பதாம் நம்பர்ல புச்சா ஒரு கொயந்த பொறந்து கீது. முப்பத்தொண்ணுல ஒரு அண்ணன் கீறாரு, கப்பல் வேல, வருவாரு, போவாரு."

ஒவ்வொன்றுக்கும் வாய்மொழி நன்றி சொன்னது. இவ்வளவு மரியாதையாக யாரும் அவளிடம் பேசியதில்லை. டேப்லெட்டின் திரை கோதண்டம் பக்கம் இருந்தது. கோதண்டத்தின் முகம் போட்டோகிராபர் பக்கம் இருந்தது.

இரண்டாம் எண் வீட்டின் முன்னறையில் மளிகைக்கடை. அதன் உரிமையாளர் ஜெபசிங் மட்டும் தனக்குத் தானே பேசினார். அவருக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம்.

"நாங்க மூணு பேரும் இங்கனதான் இருக்கோம். நானு, வீட்டம்மா, மவ ஷெர்லின். இருவது வருசமா இருக்கோம்லா."

அதற்கும் வாய்மொழி நன்றி சொன்னது. பேட்ஜ் குத்தினார்கள், கைதட்டினார்கள், கிளம்பினார்கள். படிக்காமல் ஊர்க்கதை பேசினாயா என்று அம்மா திட்டுவாள் என்பதால் அன்புக்கரசி வீட்டில் எதையும் சொல்லவில்லை.

பதினேழாம் நாள் காலை, படிக்கட்டுச் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. எல்லோரும் கூடி நிற்க, வழக்கம்போல அன்புக்கரசியைத்தான் வாசிக்கச் சொன்னார்கள்.

"ஜி பிளாக். குடியிருப்போர், மூவர். வீடு எண் இரண்டு. ஊடுருவும் கீறல்கள், நூற்றுத் தொண்ணூற்று ஆறு. அவற்றுள் கிடைமட்டக் கீறல் ஒன்று, புதிதாகத் தோன்றியது ஒன்று, அவ்வப்போது தோன்றி மறைவது ஒன்று. கட்டடம் அபாயகரமானது. குடியிருப்போர் மூவருக்கும் புதிய கோபுரத்தில் இல்லம் வழங்கப்படும். கீறல்கள் கட்டடத்தோடு அப்புறப்படுத்தப்படும்."

கிடைமட்டம் என்ற சொல்லில் அவள் குரல் தடுக்கியது. புதிதாகத் தோன்றியது என்ற இடத்தில் முப்பதாம் எண் வீட்டுக் குழந்தை நினைவுக்கு வந்தது. தோன்றி மறைவது வந்தபோது அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இருக்கிறோம் என்பதை அவள் கீறோம் என்று சொன்னாள், வாய்மொழி அம்மாள் அதைக் கீறல் என்று எழுதிக்கொண்டாள். வூடு என்று சொன்னதை ஊடுருவும் என்று எழுதிக்கொண்டாள். நாற்பத்தேழு வீட்டு ஜனத்தையும் அன்புக்கரசி ஒருத்தி, ஒரே காலை நேரத்தில், சுவரில் விழுந்த விரிசலாக்கிவிட்டாள்.

மற்றவர்களுக்கு அது புரியவில்லை. அவர்களுக்குப் புரிந்தது வேறு.

"ரெண்டாம் நம்பர்ல மட்டும் ஆளு கீதாம். நாம அல்லாம் ஓட்டையாம்," என்றான் அவளுடைய அப்பா ஜெயவேல். "இன்னா அண்ணாச்சி, ஆபீசர எப்போ உஷார் பண்ணி கைக்குள்ள போட்டுகின?"

"ஏ, நான் ஒண்ணும் அறியேன்," என்றார் ஜெபசிங்.

"இவரு அறிய மாட்டாரு. முப்பத்திரண்டாவது மாடிலேந்து நம்மள பாத்து டாட்டா காட்டுவாரு."

அன்றிலிருந்து அந்தக் கடைப் படியை யாரும் மிதிக்கவில்லை. ஒரு சீயக்காய்ப் பாக்கெட்டுக்காக ரயில்வே கேட் தாண்டிப் போய்வந்தார்கள்.

குப்பம்மா மகளை இழுத்துக்கொண்டு ஆணைய அலுவலகத்துக்குப் போனாள். முதல் ஜன்னலில் இருந்தவர் அவர்கள் வீட்டு எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"பதினேழாம் நம்பர்ல ஆள் யாரும் இல்லம்மா. நாலு கீறல்தான் இருக்கு."

"தோ நிக்கிறேன்ல? கண்ணு தெர்ல?"

"நீங்க நிக்கிறது இங்க. பதிவு இருக்கிறது அங்க. ஆள் இல்லாத வீட்டுக்கு ஆள் மனு குடுக்க முடியாது. கீறல் சம்பந்தமான மனுன்னா நாலாம் ஜன்னல்."

நாலாம் ஜன்னலில் பொறியியல் பிரிவு. அங்கே ஒரு பெண், தலை நிமிராமல், "கீறலோட நீளம்?" என்று கேட்டாள்.

"அஞ்சடி," என்றாள் குப்பம்மா.

"அகலம்?"

"அத்த நீயே பாத்துக்க."

அந்த மனுவை உடனே வாங்கிக்கொண்டார்கள். ரசீதும் கொடுத்தார்கள். ஆணையத்திலிருந்து ஜி பிளாக்குக்குக் கிடைத்த முதல் ரசீது அதுதான்.

ரசீதுக்கு மரியாதை இருந்தது. மூன்றாம் நாளே இளநிலைப் பொறியாளர் கலீலுல்லா ஏணியும் கண்ணாடித் துண்டுகளும் எடுத்துக்கொண்டு வந்தார். கீறலின் குறுக்கே கண்ணாடியை ஒட்டிவைத்தால், கீறல் அகலமாகும்போது கண்ணாடி உடையும். அதுதான் முறை. அவர் பதினேழாம் எண் வீட்டின் நாலு சுவரையும் தடவிப் பார்த்தார்.

"கீறல் எங்கம்மா?"

குப்பம்மா, ஜெயவேல், அன்புக்கரசி, தம்பி பாரி நால்வரும் வரிசையாக நின்றார்கள். கலீலுல்லா காகிதத்தில் 'ஊடுருவும் கீறல் – நான்கு' என்றிருந்ததைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார். "எங்க வூட்ல நாலு பேரு கீறோம்," என்று தனக்குள் முணுமுணுத்துப் பார்த்தவர், மெல்ல ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரும் இதே பேச்சு பேசுகிற புளியந்தோப்பில் பிறந்தவர்.

"எனக்குப் புரியுதும்மா," என்றார். "ஆனா ஃபாரத்துல 'புரியுது'ன்னு ஒரு கட்டம் கெடையாது. 'இருக்கு', 'இல்ல', ரெண்டுதான். இல்லன்னு போட்டா நீங்க இல்லாம போயிடுவீங்க. இருக்குன்னு போட்டா கண்ணாடி ஒட்டணும்."

"ஒட்டு சார்," என்றான் ஜெயவேல்.

குப்பம்மாவுக்கு ஜாக்கெட் கையில் ஒட்டினார். பாரிக்கு முழங்காலில். ஜெயவேலுக்கு, இடம் தாராளமாக இருந்ததால், தொப்பை மேல் ஒட்டி, "அடுத்த ஆய்வு வரைக்கும் உடையாம பாத்துக்கோங்க. உடைஞ்சா கீறல் அகலமாயிட்டுதுன்னு எழுத வேண்டி வரும்," என்று எச்சரித்தார். ஜெயவேல் அன்று அரை வயிறுதான் சாப்பிட்டான்.

"எல்லாஞ் சரி சார், எவ போயி அந்த மிசின்ல இப்டி பேசி வெச்சா?" என்று கேட்டாள் குப்பம்மா.

கலீலுல்லா ஒரு கணம் அன்புக்கரசியின் கையில் ஒட்டிய கண்ணாடியைப் பார்த்தார். அது வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"பேரு போடலம்மா. ஒரு பொண்ணு குரல், அவ்ளோதான்."

அவ்வளவு போதுமாயிருந்தது. ஜி பிளாக்கில் ஒவ்வொரு பெண்ணும் மற்றவளின் குரலைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தாள். குழாயடியில் சத்தமே இல்லை. எல்லோரும் ஜாடையில் குடத்தை நகர்த்தினார்கள். அன்புக்கரசி வீட்டில் தண்ணீர் கேட்பதற்குக்கூட வாயைத் திறக்காமல் சொம்பைக் காட்டினாள்.

ஒரு சாயங்காலம் அவள் தாங்க முடியாமல் மளிகைக்கடைக்குப் போனாள். ஷெர்லின் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். கடையில் ஈ கூட வியாபாரத்துக்கு வரவில்லை.

"ஷெர்லி, ஒண்ணு சொல்வேன், கத்தக்கூடாது. கீறோம்னு மிசின்ல சொன்னது நான்தான்."

"தெரியும்ட்டி."

"இன்னா தெரியும்?"

"எங்கப்பா அன்னைக்கு உன் பக்கத்துலதான நின்னாவ? அவியளுக்கு மொதல்லயே தெரியும்."

அன்புக்கரசி மூட்டையைச் சுற்றிக்கொண்டு அவள் முன்னால் வந்தாள். "அப்பொ ஏன் சொல்ல? அல்லாரும் அவர அந்தப் பேச்சு பேசறாங்களே?"

"சொன்னா சின்னப் புள்ளய போட்டு அடிச்சிருவாவன்னு சொல்லிட்டாவ. நீயா வந்து சொல்றன்னா சொல்லட்டும்னும் சொல்லிட்டாவ." ஷெர்லின் புத்தகத்தை மூடினாள். "எங்கம்மா நேத்து அழுதுச்சிட்டி. இருவது வருசம் இருந்த எடத்துல ஒரு சீப்பு வாங்கக்கூட ஆள் வரலன்னு."

"எங்கம்மா என்ன கொன்னுடும்."

"கொல்லும். அதுக்காவ எங்கள கொல்லுவியா?"

ஞாயிற்றுக்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டம். பிளாக் முன்னால் ஷாமியானா போட்டார்கள். அதிகாரிகளுக்கு முப்பது நாற்காலி, குடியிருப்போருக்கு மூன்று. மற்ற நூற்றுத் தொண்ணூற்று ஆறு பேரும் ஒரு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிறுத்தப்பட்டார்கள். கயிற்றில் 'கீறல் பகுதி, நெருங்காதீர்' என்று அட்டை தொங்கியது.

கோதண்டம் மைக்கைப் பிடித்தார்.

"இந்த மாநகரம் கீறல்களை இனியும் சகித்துக்கொள்ளாது. இவை எங்கே தோன்றுகின்றன? பணக்காரர் மாளிகையிலா? இல்லை. எப்போதும் இப்படிப்பட்ட இடங்களில்தான். ஒரே அறையில் ஆறு, ஏழு என்று நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஆண்டுதோறும் பெருகுகின்றன. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கண்ணில் இவை பட்டால் நமக்கு என்ன மரியாதை? பூசி மறைத்துப் பார்த்தோம். மீண்டும் எட்டிப் பார்த்தன. ஆகவே மொத்தமாக அப்புறப்படுத்துகிறோம். எங்களை மக்களுக்கு எதிரானவர்கள் என்கிறார்கள். நண்பர்களே, மக்கள் எங்கெல்லாம் இல்லையோ, அங்கெல்லாம் எங்கள் திட்டம் நூறு சதவீதம் வெற்றி பெற்றிருக்கிறது."

முப்பது நாற்காலியும் கைதட்டின.

விதிப்படி குடியிருப்போரில் எழுபது சதவீதம் பேர் சம்மதித்தால்தான் இடிக்க முடியும். ஜெபசிங்கின் மேசைக்குக் காகிதமும் பேனாவும் வந்தன. கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஜெயவேல் கத்தினான். "போடு அண்ணாச்சி, போடு! கையெய்த்துப் போட்டுட்டு மேல ஏறிக்க!" கத்தியதில் தொப்பைக் கண்ணாடி உடைந்தது. ஜெபசிங் பேனாவை எடுத்தார்.

அன்புக்கரசி கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியே வந்தாள். சட்டையில் பேட்ஜ் குத்தியிருந்தது. நேரே கோதண்டத்தின் முன்னால் போய் நின்றாள்.

"சார், நான்தான் சார் பேசினேன். அது கீறல் இல்ல சார். ஆளுங்க. கீறோம்னா இருக்கோம்னு அர்த்தம். அண்ணாச்சி ஒண்ணும் பண்ல."

"அடிப்பாவி," என்று குப்பம்மாவின் குரல் கேட்டது.

கோதண்டம் கலங்கவில்லை. "தவறு செய்தது குடிமகள். இயந்திரம் அல்ல. இது பதிவாகட்டும்," என்று பக்கத்தில் சொல்லிவிட்டு டேப்லெட்டை நீட்டினார். "பதிவு செய்த அதே குரல் திருத்தலாம். நல்ல தமிழில் சொல்."

அன்புக்கரசி பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டாள். "எங்கள் ஜி பிளாக்கில், நாற்பத்தேழு வீடுகளில், நூற்றுத் தொண்ணூற்று ஆறு பேர் இருக்கிறோம்."

"நல்வரவு," என்றது வாய்மொழி. "புதிய நபர்கள், நூற்றுத் தொண்ணூற்று ஆறு. வந்த நாள், இன்று. கணக்கெடுப்புக்குப் பின் வந்தவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் ஆவர். காவல்துறைக்குத் தகவல் அனுப்பவா?"

குப்பம்மா கயிற்றைப் பிடித்து உலுக்கினாள்.

"நல்லா பேசினா திருடன்ற, எங்க பாசையில பேசினா செவுத்துல ஓட்டன்ற. இன்னா மிசின்யா இது?" என்றாள் குப்பம்மா.

"ஆக்கிரமிப்பாளரா, கீறலா, தேர்வு உங்களுடையது," என்றார் கோதண்டம். "மக்களின் விருப்பத்தில் ஆணையம் தலையிடாது."

குப்பம்மா ஜாக்கெட் கையில் இருந்த கண்ணாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "கீறலே போடு. கீறலாச்சும் பதினேழாம் நம்பர்ல கீது."

கோதண்டம் ஒரு விரலால் பழைய பதிவைத் திரும்பக் கொண்டுவந்தார். பிறகு ஜெபசிங் பக்கம் திரும்பினார். "நீங்கள் கையெழுத்திடலாம்."

ஜெபசிங் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். மனைவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். டேப்லெட்டின் பக்கம் குனிந்தார்.

"எங்க... ஊட்டுல... மூணு பேரு... கீறம்."

"மன்னிக்கவும். புரியவில்லை," என்றது வாய்மொழி.

கயிற்றுக்குப் பின்னால் முதலில் ஒரு சிரிப்பு வெடித்தது. அப்புறம் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். "அண்ணாச்சி, ஒதட்ட குவிச்சி 'வூ'ன்னு சொல்லு!" என்று கத்தினான் ஜெயவேல். "கீறம் இல்ல, கீறோம்! அயுத்தி சொல்லு அண்ணாச்சி!"

"எங்க வூட்ல மூணு பேரு கீறோம்!" என்றார் ஜெபசிங். கழுத்து நரம்பு புடைத்தது.

"நன்றி. பதிவு திருத்தப்பட்டது. குடியிருப்போர், எவருமில்லை. ஊடுருவும் கீறல்கள், நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது."

"சம்மதம்! சம்மத விழுக்காட்டைக் கணக்கிடு!" என்றார் கோதண்டம்.

"பூஜ்யத்தில் எழுபது விழுக்காடு காண இயலாது."

கோதண்டம் டேப்லெட்டைக் குலுக்கினார். தலைகீழாகப் பிடித்தார். கலீலுல்லா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் இருமினார். கடைசியில், கூட்டத்துக்கு ஆள் வராததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்று அறிவித்தார்கள்.

கயிற்றைத் தாண்டி வந்த குப்பம்மா மகளின் காதைப் பிடித்தாள். "வூட்டுக்கு வா, ஒனக்குக் கீது."

மேசைமேல் கிடந்த டேப்லெட் இன்னும் விழித்துத்தான் இருந்தது. "நன்றி," என்றது. "இருநூறு."

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காதது எல்லோருக்கும் பெரிய சந்தேகமாக இருந்தது. ஜெபசிங் கடையில் கூட்டம் பழையபடி சேர்ந்தது. சீயக்காய் வாங்க வருகிறவர்கள் அவரை ஒரு தடவை "கீறோம்" சொல்லவைத்துக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

பிறகு ஒரு காலையில் பதினேழாம் எண் கதவு தட்டப்பட்டது. அன்புக்கரசி கதவைச் சங்கிலி போட்டபடி இரண்டு விரற்கடை திறந்தாள். ஒரு இளைஞன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் புது டேப்லெட்.

"வணக்கம். ஆணையத்திலிருந்து வருகிறேன். பயப்பட வேண்டாம். இந்தச் செயலி இப்போது உங்கள் வட்டார வழக்கு முழுவதையும் கற்றுக்கொண்டுவிட்டது. நீங்கள் இயல்பாகப் பேசலாம். இந்த வீட்டில் எத்தனை பேர்?"

அவள் அவனைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். டேப்லெட்டின் மூலையில் சின்னச் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தாள். பக்கத்துக் கதவுகளுக்குப் பின்னால் நாற்பத்தேழு வீடும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும்.

"ஏம்மா, பேசு. சீக்கிரம்."

"மொதல்ல நீ சொல்லுண்ணா," என்றாள் மெதுவாக. "ஒனக்கு எந்த ஏரியா?"

அந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. காலையிலிருந்து மாடி ஏறி இறங்கிய களைப்பு வேறு. அட்டையும் வணக்கமும் ஒரு நொடி அவனை விட்டு நழுவின.

"நானா? நான் வியாசர்பாடில கீறேன். இன்னாத்துக்குக் கேக்கற?"

"நன்றி. பதிவு செய்யப்பட்டது," என்றது வாய்மொழி.

அவன் திரையைப் பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தான். அன்புக்கரசியும் சங்கிலி இழுபடும் மட்டும் எக்கிப் பார்த்தாள். *கீறல் – ஒன்று. புதிதாகத் தோன்றியது.*

அவன் முகம் வெளிறிப்போனதை அவள் கவனித்தாள். அந்த முகம் அவளுக்குப் பழக்கமானதுதான். அன்று படிக்கட்டுச் சுவரருகே அறிவிப்பை வாசித்தபோது அவள் முகம் அப்படித்தான் போயிருக்கும்.

அவள் சங்கிலியைக் கழற்றினாள்.

"உள்ள வாண்ணா," என்றாள். "கண்ணாடி ஒட்ட ஆளு வருவாங்க. அதுவரிக்கும் குந்து."